வரிசை மாற்றம்: ஒரு கணிதச் சொல்லின் பொருளும் வரலாறும்

மேல்நிலை முதலாம் ஆண்டில் ஆங்கிலவழி மாணவர் ‘பெர்முட்டேஷன்’ என்று படிப்பதைத் தமிழ்வழி மாணவர் ‘வரிசை மாற்றம்’ என்று படிக்கின்றனர். இலங்கைத் தமிழ் மாணவர்களுக்கும் இதே சொல்தான். கொடுக்கப்பட்ட பொருள்கள் அனைத்தையுமோ அவற்றுள் சிலவற்றையோ எடுத்து, எது முன், எது பின் என்னும் முறை விளங்க அமைக்கும் ஒவ்வோர் அமைப்பும் ஒரு வரிசை மாற்றம் என்பது இதன் வரையறை. வரையறை ‘அமைப்பு’ என்று பேச, பெயரோ ‘மாற்றம்’ என்று பேசுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளியில்தான், கொடுத்த வரிசையை அப்படியே விட்டால் அதுவும் ஒன்றாக எண்ணப்படுமா என்று மாணவர்கள் பலர் தடுமாறுகிறார்கள். அந்த இடைவெளி தமிழாக்கத்தில் புதிதாக ஏற்பட்டதன்று. மூலச்சொல்லிலேயே இருந்து, மொழிகள் பல கடந்து நம்மிடம் வந்து சேர்ந்தது.

முதலில் தமிழ்ச் சொல்லின் இரு கூறுகளையும் பார்ப்போம். ‘வரிசை’ என்பது இன்று கடைவாசலில் ஒருவர் பின் ஒருவராக நிற்பதைக் குறித்தாலும், பழைய தமிழில் அது தகுதிக்கேற்ற முன்பின் முறைமையைக் குறித்தது. ‘வரிசை அறிதலோ அரிதே’ என்று மலையமான் திருமுடிக்காரியிடம் கபிலர் கூறும் புறநானூற்றுப் பாடலில் (121), பரிசில் நாடி வருவோர்க்குக் கொடுப்பது எளிது, அவரவர் தகுதியை அளந்து கொடுப்பதே கடினம் என்பது கருத்து. ‘பொதுநோக்கான் வேந்தன் வரிசையா நோக்கின்’ என்று தொடங்கும் குறளில் (528) பொதுநோக்கும் வரிசைநோக்கும் எதிரெதிராக நிறுத்தப்படுகின்றன. எல்லாரையும் ஒரு திரளாகக் காண்பது ஒன்று. இவர் முதலாமவர், இவர் அடுத்தவர் என்று நிலை வேறுபடுத்திக் காண்பது மற்றொன்று. கணித வகுப்பில், முன்பின் பாராமல் தேர்ந்தெடுக்கும் சேர்மானத்தையும் வரிசை மாற்றத்தையும் பிரித்துக் காட்டவேண்டிய ஆசிரியர்க்கு இதைவிட நேர்த்தியான இணை கிடைப்பது அரிது. ஐந்து பேரிலிருந்து இருவரைக் குழு உறுப்பினராகத் தேர்ந்தால் அது பொதுநோக்கு, வழிகள் 10. அதே ஐவரிலிருந்து ஒருவரைத் தலைவராகவும் ஒருவரைத் துணைத்தலைவராகவும் தேர்ந்தால் அது வரிசைநோக்கு, வழிகள் 20.

‘மாற்றம்’ என்னும் இரண்டாம் கூறு அவ்வளவு தெளிவாக இல்லை. பழைய நூல்களில் அதற்குச் சொல் என்றும் மறுமொழி என்றும் பொருளுண்டு; அவை இங்கே பொருந்தா. ஒன்று இருந்த நிலை விட்டு வேறு நிலை அடைதல் என்னும் இன்றைய பொருளே மாணவர் மனத்தில் முதலில் தோன்றும். ஆனால் ‘மாற்று’ என்பதற்கு ஒன்றுக்குப் பதிலாக நிற்கத்தக்க இன்னொன்று என்ற பொருளும் உண்டு. மாற்றுப்பாதை, மாற்றுவழி என்பவற்றில் அப்பொருளே வருகிறது. வரிசை மாற்றம் என்பதை ‘வரிசையை மாற்றுதல்’ என்று விரிக்காமல், ‘ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்கக்கூடிய வரிசைகள்’ என்று விரித்தால் கணிதப் பொருளுக்கு மிக அருகில் வந்துவிடுகிறோம்.

நம் இலக்கண மரபு இவ்விரண்டாம் பொருளை நன்கு அறிந்திருந்தது. நன்னூல் கூறும் எட்டுப் பொருள்கோள்களுள் ஒன்று அடிமறிமாற்று. பாடலின் அடிகளை முன்பின்னாக எடுத்து வைத்தாலும் பொருளும் ஓசையும் சிதையாமல் நிற்பது அது. யாப்பில் இத்தகைய பாவை அடிமறி மண்டில ஆசிரியப்பா என்பர். நான்கடிப் பாடலாயின் அதை 24 விதமாகப் படிக்கலாம். அந்த 24இல் புலவர் எழுதிய முறையும் ஒன்று என்பதை இங்கே குறித்துக்கொள்வது நல்லது.

மூலச்சொல்லுக்கு வருவோம். இலத்தீனில் ‘முத்தாரே’ என்றால் மாற்றுதல்; ‘பெர்’ என்னும் முன்னொட்டு முழுவதும், முற்றிலும் என்ற பொருள் தரும். இரண்டும் சேர்ந்த ‘பெர்முத்தாத்தியோ’ உரோமானியரிடையே பண்டமாற்றையும் குறித்தது. அதாவது, கணிதத்துக்கு வருமுன் இச்சொல்லில் வரிசை என்னும் கருத்தே இல்லை, மாற்றம் மட்டுமே இருந்தது. வரிசையைச் சேர்த்துச் சொன்னவர் ஜெர்மானியக் கணிதர் லைப்னிட்சு. 1666இல் வெளியிட்ட சேர்ப்புக்கலை பற்றிய தம் இளமைக்கால நூலில் அவர் பயன்படுத்திய தொடர் ‘வாரியாத்தியோ ஓர்தினிசு’. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘வரிசையின் மாற்றம்’. எனவே நம் பாடநூற் சொல், இன்று ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லைக் காட்டிலும் லைப்னிட்சின் தொடருக்கே நெருக்கமானது; பொருளை அதைவிடத் தெளிவாகவும் தருகிறது. 1685இல் ஜான் வாலிசு இதையே வேறொரு பெயரால், முறைமாறி வருதல் என்ற பொருள்பட எழுதினார். இறுதியில் நிலைத்த பெயர் யாக்கோபு பெர்னூலியின் நூலில் வந்ததே. 1705இல் அவர் இறந்தபின் 1713இல் அச்சான ‘ஆர்சு கொன்யெக்தாந்தி’யின் இரண்டாம் பகுதி முழுவதும் வரிசை மாற்றங்களையும் சேர்மானங்களையும் பற்றியது. வியப்புக்குறியை எண்ணுக்குப் பின் இட்டுத் தொடர்பெருக்கத்தை (4! = 4×3×2×1 என்பதுபோல) குறிக்கும் வழக்கம் இன்னும் பிந்தியது; 1808இல் கிறித்தியான் கிராம்ப் அதைப் புகுத்தினார்.

அறிஞர்கள் பெயர் தேடிக்கொண்டிருந்த அதே 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தேவாலயக் கோபுரங்களில் மணியடிப்போர் இதனைச் ‘சேஞ்சு’, அதாவது மாற்றம் என்றே அழைத்தனர். ஏழு மணிகளை ஒருமுறை அடித்த வரிசையில் மறுமுறை அடிக்காமல் 5,040 வரிசைகளையும் அடித்து முடிப்பது அவர்கள் கலையின் ஓர் எல்லை. எட்டு மணிகளுக்கு எண்ணிக்கை 40,320 ஆகிவிடும். 1963இல் லஃப்பரோ நகரில் ஒரு குழுவினர் ஏறத்தாழ 18 மணிநேரம் இடைவிடாமல் அடித்து அதையும் நிறைவேற்றினர். மிக உயர்ந்த ஒலியுடைய மணியில் தொடங்கித் தாழ்ந்த ஒலியுடையதில் முடியும் இயல்பு வரிசையையும் அவர்கள் ஒரு ‘மாற்றமாகவே’ எண்ணுகிறார்கள். அதை விட்டுவிட்டால் 5,040 வராது, 5,039 தான் வரும்.

அமைப்பு ஒன்று, அமைப்பை மாற்றும் செயல் வேறொன்று என்பதை வெளிப்படையாகப் பிரித்தவர் பிரெஞ்சுக் கணிதர் கோசி. 1815இல் எழுதிய கட்டுரையில் அவர் பொருள்களின் ஒரு வரிசையமைப்பை ‘பெர்முத்தாசியோன்’ என்றும், ஒரு வரிசையிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் செயலை ‘சுப்ஸ்தித்யூசியோன்’, அதாவது பதிலீடு என்றும் அழைத்தார். பிற்காலக் கணிதம் இந்த ஒழுங்கைப் பேணவில்லை. செயலுக்கும் அதே முதற்பெயரைச் சூட்டிவிட்டது. அதனால் பள்ளி மாணவர்க்கு இச்சொல் விளைவைக் குறிக்க, கல்லூரியில் இத்தகைய செயல்களின் தொகுப்புகளை ஆராயும் குலக் கோட்பாடு பயில்வோர்க்குச் செயலைக் குறிக்கிறது. கல்லூரியிலோ எதையும் நகர்த்தாத செயல் சமனி உறுப்பாக இருந்தே தீரவேண்டும் என்பதால் ஐயத்துக்கு இடமில்லை. குழப்பம் பள்ளியில்தான்.

இந்தியக் கணித மரபில் இச்சிக்கல் எழவில்லை என்பது என் கருத்து. இரண்டாம் பாஸ்கரர் 1150இல் இயற்றிய லீலாவதியில் இப்பொருளுக்கு ‘அங்கபாசம்’ என்று தனி இயலே உண்டு. இலக்கங்களின் வலை என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். அங்கே அமைப்புகளைக் குறிக்க வரும் சொல் ‘பேதம்’, அதாவது வேறுபாடு அல்லது வகை. பத்துக் கைகளையுடைய சிவன் பாசம், அங்குசம், பாம்பு, உடுக்கை, கபாலம், சூலம், கட்வாங்கம், சக்தி, அம்பு, வில் ஆகியவற்றைக் கைமாற்றி ஏந்தினால் எத்தனை மூர்த்திபேதங்கள் என்று அவர் கேட்கிறார். விடை 36,28,800. கதை, சக்கரம், தாமரை, சங்கு ஏந்திய திருமாலுக்கு 24. ஒரு திருவுருவம் மற்றொன்றிலிருந்து வேறுபடுகிறது என்றால், எண்ணத் தொடங்கிய முதல் உருவமும் கணக்கில் சேர்ந்தே இருக்கும். அது ‘மாறியதா’ என்ற கேள்வி அங்கே பிறக்க வழியில்லை. இந்தியில் இன்று வழங்கும் ‘கிரமசய’ என்பதும் கிரமத்தைச் சுட்டுகிறதே தவிர மாற்றத்தைப் பேசவில்லை.

வகுப்பறையில் இதன் விளைவு என்ன? ‘கதவு’ என்னும் சொல்லின் எழுத்துகளை எத்தனை வழிகளில் மாற்றியமைக்கலாம் என்று வினாத்தாளில் கேட்டால், 6 என்று எழுதும் மாணவரும் 5 என்று எழுதும் மாணவரும் தத்தம் வழியில் சரியே. கொடுத்த சொல்லை அப்படியே விடுவது மாற்றியமைத்தல் ஆகாது என்று வாதிடும் மாணவரிடம் தமிழறிவு குறைவு என்று யாரும் கூறிவிட முடியாது. இன்னும் சிலர் மாற்றம் என்றால் எல்லா எழுத்தும் இடம்பெயர வேண்டும் என்றே கொள்கின்றனர். அப்படிக் கொண்டால் மூன்று எழுத்துக்கு 2 வழிகளும் நான்கு எழுத்துக்கு 9 வழிகளும்தான் கிடைக்கும். அதுவும் ஒரு நல்ல கணக்கே. 1708இல் மோன்மோர் ஆராய்ந்த தனிக் கணக்கு. ஆனால் கேட்டது அதுவன்று. எனவே வினாக்களில் ‘மாற்றியமைக்கலாம்’ என்பதைத் தவிர்த்து ‘வரிசைப்படுத்தலாம்’ என்று எழுதுவதும், ஒவ்வொரு விளைவையும் ‘வரிசையமைப்பு’ என்று சுட்டுவதும் நன்று. பொருளே இல்லாதபோது வழிகளின் எண்ணிக்கை 1, அதாவது பூச்சியத்தின் தொடர்பெருக்கம் 1 என்பதை ஏற்க மறுக்கும் மாணவரும், எதையும் செய்யாதிருப்பதையும் ஒரு வழியாக எண்ணப் பழகியபின் அவ்வளவு எதிர்ப்புக் காட்டுவதில்லை.

சொல்லில் இன்னொரு குறையும் உண்டு. ஐந்து பொருள்களில் இரண்டை மட்டும் எடுத்து அடுக்கும்போது தேர்வு, அடுக்குதல் என இரு செயல்கள் நடக்கின்றன. ‘வரிசை மாற்றம்’ என்பதில் தேர்வுக்கு இடமே இல்லை. பிரெஞ்சு மொழியில் முழுவதையும் அடுக்குவதற்கு ஒரு பெயரும், சிலவற்றை எடுத்து அடுக்குவதற்கு வேறு பெயரும் உண்டு. ஜெர்மன் மொழியிலும் அவ்வாறே. நாம் ஆங்கிலத்தைப் பின்பற்றியதால் இரண்டையும் ஒரே பெயரில் அடைத்துவிட்டோம்.

இதைக் கைவிட்டு வேறு சொல் ஆக்கலாமே என்போர் உண்டு. கைக்கு எட்டும் சொற்கள் எல்லாம் ஏற்கெனவே வேலையில் இருக்கின்றன. ‘நிரல்’, எண்களைக் கட்டமாக அடுக்கும் அணிகளில் மேலிருந்து கீழாக எழுதும் எண்களுக்குப் போய்விட்டது. கணினித் துறையில் ஆணைத்தொடருக்கும் அதுவே பெயர். ‘அடுக்கு’ படிக்குறியைச் சுட்டுகிறது. ‘வரிசையாக்கம்’ கணினியில் சிறியது முதல் பெரியது வரை ஒழுங்குபடுத்துவதைக் குறிக்கிறது. ஆகவே வரிசை மாற்றம் என்பதையே வைத்துக்கொண்டு, முதல் வகுப்பிலேயே அதன் பொருளை வரையறுத்துவிடுவது மேல். சேர்வு என்றும் சேர்மானம் என்றும் வழங்கும் இணைச்சொல்லைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாட்டு மருத்துவர் ‘இந்தச் சூரணத்தின் சேர்மானம் சுக்கு, மிளகு, திப்பிலி’ என்கையில் எதை முதலில் சொன்னார் என்பது பொருட்டன்று, கணிதத்திலும் அவ்வளவே.

எடுத்துக்காட்டுகளைப் பற்றி ஒரு வேண்டுகோள். ‘மிசிசிப்பி’ என்னும் ஆற்றின் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, பதினோர் எழுத்துகளில் நான்கு, நான்கு, இரண்டு என ஒத்தவை இருப்பதால் 34,650 வரிசைகள் என்று காட்டுவது எங்கும் காணும் வழக்கம். அதனைத் தமிழ்வழி வகுப்பிலும் அப்படியே நடத்தவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் தமிழ்ச் சொற்களைத் தேர்வதில் கவனம் தேவை. ‘அம்மா’ என்பதில் மகரம் இருமுறை வருவதாகத் தோன்றினாலும் அ, ம், மா என மூன்றும் வெவ்வேறு எழுத்துகள்; எனவே 6 வரிசைகள். ‘பாப்பா’ என்பதில் ‘பா’ உண்மையாகவே இருமுறை வருவதால் 3 மட்டுமே. ‘கதவு’ தரும் ஆறில் ‘தகவு’ என்னும் நல்ல சொல்லும் ஒளிந்திருக்கிறது. மற்ற நான்கும் பொருளற்றவை. அவற்றுள் ‘வு’வில் தொடங்கும் இரண்டு, தமிழ்ச் சொல்லாகவே தொடங்க முடியாதவை.

இந்த மொழிமுதல் விதி, நிபந்தனையுடன் கூடிய வரிசை மாற்றங்களைக் கற்பிக்க நல்ல வாய்ப்பைத் தருகிறது. ‘கடகம்’ என்னும் சொல்லில் ‘க’ இருமுறை வருவதால் மொத்தம் 24ஐ 2ஆல் வகுக்க 12 வரிசைகள். மெய்யெழுத்தும் டகரமும் சொல்லுக்கு முதலில் வாரா என்று நிபந்தனை விதித்தால், ‘ம்’ முதலில் வரும் மூன்றும் ‘ட’ முதலில் வரும் மூன்றும் கழிந்து 6 எஞ்சும். முதலிடத்தில் ‘க’வை நிறுத்தி ஏனைய மூன்றையும் அடுக்கினாலும் அதே 6 வருகிறதா என்று மாணவரையே சரிபார்க்கச் சொல்லலாம். மகர மெய்யை அடுத்து ககரமோ டகரமோ ஒரு சொல்லுக்குள் சேர்ந்து வராது என்னும் விதியையும் சேர்த்துக்கொண்டால் ‘ம்’ இறுதியில் மட்டுமே நிற்க முடியும். அப்போது எஞ்சுபவை கடகம், ககடம் என்னும் இரண்டே.