அளவு பார்த்து டேங்க் வாங்காதீர்கள்: பழைய பிக்கப்பின் பின்பக்க எரிபொருள் டேங்க்

பழைய பிக்கப்புக்குப் பின் டேங்க் மாற்ற வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை லிட்டர் போடலாம்?" என்பதுதான். இடம் இருந்தால் பெரியதாகவே போட்டுவிடலாமே என்பது அவர்கள் கணக்கு. இந்த வேலையைத் தொடர்ந்து செய்துவரும் மெக்கானிக் என்ற முறையில் நான் சொல்வது: லிட்டர் கணக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். டேங்கில் எத்தனை வாய்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் என்ன வந்து சேர்கிறது என்று முதலில் பாருங்கள். நிரப்பும் குழாய், காற்றுக் குழாய், பம்ப், மிதவை, இன்ஜினிலிருந்து திரும்பி வரும் லைன், டேங்கைத் தாங்கும் பட்டைகள் என்று அது ஒரு கூட்டம். புது டேங்க் போட்ட பிறகும் பெட்ரோல் வாடை போகவில்லை என்று திரும்பி வரும் வண்டிகளில் குறை பெரும்பாலும் இந்த இணைப்புகளில்தான் இருக்கிறது.

பின் டேங்க் தொங்குவது பின் ஆக்சிலுக்குப் பின்னால், சேஸிஸின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில். சக்கரம் வாரி அடிக்கும் சேறு டேங்கின் மேல்தகட்டில் போய்ப் படிகிறது. மழை நின்று மாதக்கணக்கானாலும் அந்த மண்ணில் ஈரம் இருக்கும். பட்டைக்கும் டேங்குக்கும் இடையில் வைக்கும் ரப்பர் அல்லது நார்த் துண்டும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் கீழே படுத்துப் பார்த்தால் டேங்க் நன்றாகவே தெரியும், மேல்பக்கமோ விரலால் அழுத்தினால் உள்ளே போகிற நிலையில் இருக்கும். இதற்கு ஓர் அடையாளம் உண்டு. டேங்க் நிறைய இருக்கும்போது மட்டும் வாடை வருகிறது, பாதிக்கு இறங்கியதும் நின்றுவிடுகிறது என்றால், ஓட்டையோ கசியும் சீலோ மேல்பக்கத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். "பாதிதானே போடுகிறேன், வாடை இல்லையே" என்று அதை ஒத்திப்போடாதீர்கள். திரவம் மேலே எட்டவில்லையே தவிர, ஆவி வந்துகொண்டுதான் இருக்கிறது.

இரண்டு டேங்க் உள்ள வண்டிகளில் இன்னொரு சிக்கல். டேங்க் மாற்றும் வால்வு வேலை செய்யாமல் போனதும் ஓட்டுநர் முன் டேங்கிலேயே வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பார். பின் டேங்கில் பழைய பெட்ரோல் வருடக்கணக்காகக் கிடக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். அப்போது துரு உள்ளிருந்து தொடங்குகிறது. இப்படிப்பட்ட வண்டியில் டேங்கை மட்டும் மாற்றிவிட்டு லைனையும் வால்வையும் சுத்தம் செய்யாமல் விட்டால், பழைய அழுக்கு அத்தனையும் புதுப் பம்பில் வந்து அடைக்கும்.

ஒட்டுப் போட்டு ஓட்டலாமா, வெல்டிங் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். உள்ளே பூசும் கோட்டிங், துரு முழுவதும் போகாத தகட்டில் சரியாகப் பிடிக்காது. பிறகு தோல் தோலாக உரிந்து பம்பின் வலையை மூடும். வெல்டிங் அதைவிட மோசம். பெட்ரோல் ஆவி காற்றில் ஏறக்குறைய 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருக்கும்போதுதான் வெடிக்கும். நிறைந்த டேங்கின் உள்ளே ஆவி அதைவிட அடர்த்தியாக இருப்பதால் தீப்பிடிக்கப் போதிய காற்று இல்லை. வடித்துக் காயவைத்த டேங்கோ சரியாக அந்த வெடிக்கும் அளவுக்குள் வந்து நிற்கிறது. தண்ணீர் விட்டுக் கழுவினாலும் மடிப்பு ஓரத்திலும் உள்தடுப்புத் தகடுகளின் இடுக்கிலும் பெட்ரோல் ஒளிந்திருக்கும். சூடு பட்டதும் ஆவியாக வெளியே வரும். காலி டேங்க்தான் ஆபத்தான டேங்க். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சலிக்காது, ஏனென்றால் உயிர் போவது இந்த இடத்தில்தான்.

சரி, புது டேங்க் என்று முடிவாகிவிட்டது. ஒரே மாடல், ஒரே வருடம் என்பது மட்டும் போதாது. பாடி (பின்னால் சரக்கு ஏற்றும் பகுதி) குட்டையா நீளமா, கார்புரேட்டரா இன்ஜெக்‌ஷனா, பெட்ரோலா டீசலா, டேங்க் ஒன்றா இரண்டா, தகடா பிளாஸ்டிக்கா என்று ஒவ்வொன்றுக்கும் டேங்க் மாறும். அமெரிக்கப் பிக்கப்புகள் 1980களின் நடுவிலிருந்து கார்புரேட்டரை விட்டு இன்ஜெக்‌ஷனுக்கு மாறத் தொடங்கின. அந்தக் காலத்து வண்டிகளில் வெளித்தோற்றம் ஒன்றாக இருக்கும், டேங்கின் உள்ளே இருப்பது வேறாக இருக்கும். கார்புரேட்டருக்கு 4 முதல் 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் போதும். இன்ஜெக்‌ஷனுக்குப் பல வண்டிகளில் 35க்கு மேல், சிலவற்றில் 60 வரை வேண்டும். அதற்கான பம்ப் ஒரு நொடிகூடக் காற்றை உறிஞ்சக் கூடாது. அதனால்தான் இன்ஜெக்‌ஷன் டேங்கின் உள்ளே பம்பைச் சுற்றி பெட்ரோல் தேங்கி நிற்க ஒரு சிறு கிண்ணமோ தடுப்போ வைத்திருப்பார்கள். கார்புரேட்டர் டேங்கை அங்கே மாட்டினால், கால் டேங்க் இருக்கும்போது வளைவில் திரும்பினாலே பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி இன்ஜின் திணறும். பம்பைக் குளிர்விப்பதும் அதே பெட்ரோல்தான் என்பதால் அதன் ஆயுளும் குறையும்.

அடுத்தது ஆழம். இதை அளக்காமல் வாங்குபவர்கள் அதிகம். மேல் வாயிலிருந்து அடித்தகடு வரை ஒரு குச்சியை விட்டு அளந்து, அதைப் பம்ப் தொகுதியின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். தொகுதி நீளம் குறைந்தால் அடியில் உள்ள பெட்ரோல் வரவே வராது. அதிகமானால் வலை அடியில் மோதி மடங்கும், மேல் மூடி சீலில் சரியாக உட்காராது. உட்காராத மூடியை, அதைப் பிடித்து நிறுத்தும் லாக் ரிங்கை அடித்து அடித்து இறுக்கி உட்கார வைப்பது கசிவை நாமே உண்டாக்குவதுதான்.

மிதவையிலும் இதே கதை. பெட்ரோல் மட்டம் மாற மாற மிதவையின் மின்தடை மாறும், அதை வைத்துத்தான் டாஷ்போர்டில் உள்ள கேஜின் முள் நகரும். ஜிஎம் வண்டிகளில் பொதுவாகக் காலிக்கு 0 ஓம், நிறைந்தால் 90 ஓம். பழைய ஃபோர்டில் தலைகீழ்: காலிக்கு 73 ஓம், நிறைந்தால் 10 ஓம் அளவில். 1987 முதலான ஃபோர்டு பிக்கப்புகளில் காலிக்கு 16, நிறைந்தால் 158 ஓம் அளவில். ஆக, பழைய ஃபோர்டு கேஜுக்குப் புதுவகை மிதவையை மாட்டினால் டேங்க் நிறைய இருக்கும்போது முள் காலி என்று காட்டும். அதை நம்பி மேலும் ஊற்றுபவர் பெட்ரோலைத் தரையில் வழியவிடுவார். மிதவையைக் கையால் மேலும் கீழும் அசைத்து மல்டிமீட்டரில் படித்துவிட்டு, பிறகு டேங்கில் இறக்குங்கள். மேலே ஏற்றிய பிறகு தெரியவந்தால் வேலை முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும்.

தகடா பிளாஸ்டிக்கா என்றால், உங்கள் வண்டியில் தொழிற்சாலையில் எது வந்ததோ அதையே நான் சொல்வேன். இரண்டுக்கும் வடிவம் மாறும். பட்டையின் நீளமும் கீழ்த்தடுப்புத் தகடும் அதற்கேற்ப மாறும். பிளாஸ்டிக் துருப்பிடிக்காது என்பது பெரிய நன்மை. ஆனால் பட்டையை அளவுக்கு மேல் முறுக்கினால் டேங்கின் அடி மேலே எழும்பி ஆழம் குறைந்துவிடும். மிதவைக்கு எர்த் ஒயரும் தனியாக வேண்டும். பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய தகட்டு டேங்கை நான் மாட்டுவதில்லை. உங்கள் டேங்கைத் தின்ற துரு அதையும் தின்றுகொண்டிருக்கும்.

பெரிய டேங்க் போட விரும்புபவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. பெட்ரோல் லிட்டருக்கு ஏறக்குறைய 0.74 கிலோ. கூடுதலாக 80 லிட்டர் என்றால் பின் ஆக்சிலுக்கும் பின்னால் சுமார் 60 கிலோ, பழைய துளைகளையும் பழைய போல்ட்டுகளையும் நம்பித் தொங்கும். பெரிய டேங்க் பின் பம்பரை நோக்கியும் நீளும். டிரெய்லர் கொக்கிக்குப் போட்ட நீண்ட போல்ட்டின் முனை டேங்கைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தால், பின்னால் இடி வாங்கும்போது அது ஊசியாக இறங்கும். பிக்கப் அல்லாத வண்டிதான் என்றாலும், 1978இல் ஃபோர்டு தன் பின்ட்டோ கார்களைத் திரும்ப அழைத்துச் செய்த மாற்றங்களில் ஒன்று, டேங்குக்கு முன்னால் பிளாஸ்டிக் தடுப்பு வைத்தது. டேங்கைச் சுற்றிலும் கூர்மையான எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் போல்ட்டைத் திருப்பிப் போடுங்கள், நீளத்தை வெட்டுங்கள்.

கழற்றும் நாளுக்கு முன்பே பெட்ரோலை ஓட்டித் தீர்த்துக் கால் டேங்குக்கும் கீழே கொண்டுவந்துவிடுங்கள். மிச்சமிருப்பதைக் கைப்பம்பால் எடுங்கள். வாயால் உறிஞ்சவே கூடாது. பிடிக்கும் கேன் தரையில் இருக்கட்டும். பிளாஸ்டிக் விரிப்புள்ள பிக்கப் பாடியில் கேனை வைத்து நிரப்பினால் நிலைமின்சாரம் சேர்ந்து பொறி வரும். இது டேங்க் வேலைக்கு மட்டுமல்ல, பெட்ரோல் பங்கில் கேன் நிரப்பும்போதும்தான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தரையாகப் பரவிப் பள்ளத்தில் தங்கும். ஆகவே சர்வீஸ் குழிக்குள் இறங்கி இந்த வேலை செய்யாதீர்கள். காற்றோட்டமான வெளியில், பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சூடாகும் பல்புக் கைவிளக்கு இல்லாமல், தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் லைன் அழுத்தத்தை முதலில் இறக்கியாக வேண்டும்.

டேங்கைக் கீழே இறக்குவதா, பாடியை மேலே தூக்குவதா? துருப்பிடித்த பழைய வண்டியில் பாடியைத் தூக்கவே நான் விரும்புவேன். சில போல்ட்டுகள், ஒயரிங் சாக்கெட், நிரப்பும் குழாய், நாலு பேர் கை. அதன் பிறகு எல்லா ஹோஸும் கண்ணெதிரே இருக்கும். கீழிருந்து ஏற்றும்போது ஜாக்கியின் மேல் டேங்க் பாதியில் நிற்க, கையைக் குருட்டாம்போக்கில் விட்டு ஹோஸ் மாட்டுகிறோம். அங்கேதான் ஹோஸ் மடங்குகிறது. லாக் ரிங்கைத் திறக்கும் முன் சுற்றியுள்ள மண்ணை பிரஷ்ஷால் துடைத்து எடுங்கள். அடிப்பது பித்தளை உளியாக இருக்கட்டும், இரும்பு பொறி தட்டும். ஓ-ரிங் கட்டாயம் புதிது.

ஹோஸ் எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். எஸ்ஏஇ என்பது வாகனப் பொறியாளர் சங்கத்தின் தர முத்திரை: எஸ்ஏஇ 30ஆர்7 கார்புரேட்டர் அழுத்தத்துக்கு, 30ஆர்9 இன்ஜெக்‌ஷனுக்கு, டேங்கின் உள்ளே பெட்ரோலில் முங்கிக் கிடக்க 30ஆர்10. வெளியே போடும் ஹோஸை உள்ளே போட்டால் அதன் மேல்தோல் ஊறி, உப்பி, கையில் ஒட்டும் பிசினாகிவிடும். அப்படி ஊறிய துண்டுகளைப் பம்ப் வலையிலிருந்து சுரண்டி எடுத்திருக்கிறேன்.

காற்றுக் குழாயை அடைத்துவிடுகிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. "பழைய வண்டிதானே, கரித்தொட்டி எல்லாம் எதற்கு?" என்பார்கள். டேங்கின் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி நிரப்பிய டப்பாவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அடைத்தால் வெயிலில் டேங்க் உப்பும். ஓடும்போது காற்று உள்ளே போக வழியில்லாமல் சப்பிப்போகும். வண்டி கவிழ்ந்தால் பெட்ரோல் வெளியே கொட்டாமல் தடுக்கும் வால்வும் அந்த வழியில்தான் இருக்கிறது. மூடியும் அந்த வண்டிக்கு உரியதாக, காற்று விடும் வகையா விடாத வகையா என்று பார்த்து வாங்க வேண்டும். நிரப்பும்போது நாசில் அடிக்கடி தானாக நின்றால் காற்றுக் குழாய் மடங்கியிருக்கிறது என்று பொருள்.

இரண்டு டேங்க் இன்ஜெக்‌ஷன் வண்டியில், முன் டேங்கில் ஓட்டும்போது பின் டேங்க் தானாக நிறைந்து வழிகிறதா? டேங்கைக் குறை சொல்லாதீர்கள். திரும்பி வரும் பெட்ரோலை அந்தந்த டேங்குக்கே அனுப்ப வேண்டிய வால்வு பழுதாகி, தவறான டேங்கில் விடுகிறது. புது டேங்க் போட்டாலும் வழியும். வால்வைச் சரிசெய்யும்வரை இரண்டு டேங்கையும் நிரப்பாதீர்கள்.

எல்லாம் மாட்டியதும் நேராகப் பங்குக்குப் போய் நிரப்ப வேண்டாம். பத்து லிட்டர் ஊற்றி, சாவியைத் திருப்பி பம்பை ஓடவிட்டு, ஒவ்வோர் இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பிறகு பாதி நிரப்பி ஓர் இரவு கீழே அட்டை விரித்து நிறுத்துங்கள். கடைசியாகத்தான் முழு டேங்க். மேல் சீல் கசிவது அப்போதுதான் தெரியும். பாடியைத் தூக்கிச் செய்பவர்கள் முடிந்தால் பாடியை இறக்கும் முன்பே இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள். முதல் டேங்க் பெட்ரோல் ஓடித் தீர்ந்ததும் ஃபில்டரை மாற்றுங்கள், பட்டை நட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். கழற்றிய பழைய டேங்கை அறுத்து அடுப்பாகவோ தொட்டியாகவோ ஆக்க யாருக்கும் கொடுக்காதீர்கள். பெட்ரோல் டேங்க் என்று பெயின்ட்டில் எழுதி, அதைக் கையாளத் தெரிந்த பழைய இரும்புக்காரரிடம் சொல்லி ஒப்படையுங்கள்.