இடம் போதவில்லையா, ஆழம் அதிகமா?

சமையலறையைச் சீரமைக்க என்னைக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது, "இடமே பத்தலைங்க, இன்னும் நாலு அலமாரி வேணும்" என்பதுதான். நான் உடனே டேப்பை எடுப்பதில்லை. மேடைக்குக் கீழே இருக்கும் அலமாரியைக் காட்டி, திறக்காமலே உள்ளே என்னென்ன இருக்கிறது என்று சொல்லச் சொல்வேன். முன்வரிசையை மளமளவென்று சொல்லிவிடுவார்கள். பின்வரிசை வரும்போது பேச்சு நின்றுவிடும். வெளியே எடுத்துப் பார்த்தால் தேதி முடிந்த மாவு, மூடி தொலைந்த டப்பாக்கள், ஏற்கெனவே இருப்பது தெரியாமல் திரும்பவும் வாங்கிய உப்பு.

இங்கே குறை இடத்தில் இல்லை, ஆழத்தில் இருக்கிறது. சமையல் மேடை வழக்கமாக 60 செ.மீ. அகலம். அடுப்பும் சிங்க்கும் அதில் உட்கார வேண்டும், அதற்காக அந்த அளவு. கீழ் அலமாரியும் அதே ஆழத்துக்கு உள்ளே போய்விடுகிறது. குனிந்து பார்த்தால் முன்பாதிதான் கண்ணில் படும், பின்பாதி இருட்டு. சுவரில் மாட்டும் மேல் அலமாரி 30 முதல் 35 செ.மீ. ஆழம்தான் என்பதால் அங்கே பொருள் காணாமல் போவது குறைவு.

ஆகவே புது அலமாரிக்குச் செலவு செய்வதற்கு முன்னால், கீழே உள்ள தட்டுகளை டிராயராக மாற்ற முடியுமா என்று பாருங்கள். டிராயரை இழுத்தால் கடைசிப் பொருளும் மேலிருந்து தெரியும். டிராயர் ஓடுவதற்குப் பக்கவாட்டில் பொருத்தும் சேனலை வாங்கும்போது, முழுதாக வெளியே வருகிற வகையைக் கேட்டு வாங்குங்கள். முக்கால் பங்கு மட்டும் வெளியே வரும் சேனலைப் போட்டால் பழைய இருட்டு மூலை அப்படியே இருக்கும். எவ்வளவு எடை தாங்கும் என்பதையும் விசாரியுங்கள். பாத்திரம் அடுக்கும் டிராயருக்கு 30 கிலோவாவது தாங்க வேண்டும். வாடகை வீடு, எதையும் மாற்ற முடியாது என்றால், அலமாரியின் ஆழத்துக்குச் சமமான நீள ட்ரேக்களைத் தட்டில் வைத்து இழுத்துப் பயன்படுத்தலாம். அழகாக இருக்காது, ஆனால் வேலை நடக்கும்.

மூலை அலமாரியைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கறாரானது. சுழல் தட்டு, வெளியே வளைந்து வரும் தட்டு என்று நிறைய சாதனங்கள் இருக்கின்றன. இடம் தாராளமாக உள்ள சமையலறையில் அந்த மூலையை மூடிவிட்டு மறந்துவிடலாம் என்றே சொல்வேன்.

அப்புறம், எதை எங்கே வைப்பது? காலியான தட்டு எங்கே இருக்கிறது என்று தேடாதீர்கள். எந்த வேலையின் நடுவில் கை அந்தப் பொருளைத் தேடுகிறது என்று பாருங்கள். இது ஒன்றும் புதிய யோசனை இல்லை. 1926-இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் பிராங்பர்ட் நகரின் குடியிருப்புகளுக்காகச் சிறிய சமையலறை ஒன்றை வடிவமைத்தார். உலர்பொருள்களுக்குப் பெயர் எழுதிய அலுமினிய டிராயர்கள், உருவியெடுத்து அப்படியே கொட்டுவதற்கு வாகாக, வேலை செய்கிறவரின் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தன. இன்றைய மாடுலர் கிச்சனுக்கு அதுதான் முன்னோடி.

கத்தி, பலகை, வடிதட்டு எல்லாம் சிங்க்குக்கும் அடுப்புக்கும் நடுவில். கனமானவை முழங்காலுக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில். தலைக்கு மேலே லேசானவை மட்டும். நாற்காலி மேல் ஏறி எடுக்க வேண்டிய இடத்தில் கனமான பாத்திரம் எதையும் வைக்காதீர்கள். மசாலாப் பொடிகளையும் எண்ணெயையும் அடுப்புக்கு நேர் மேலேயோ பக்கத்திலேயோ வைப்பது அநேக வீடுகளில் பார்க்கிற பழக்கம். கைக்கு வசதிதான், ஆனால் சூடும் ஆவியும் பட்டுப் பொடி கட்டிதட்டும், வாசனை போகும், எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். ஓர் அடி தள்ளி, மூடிய டிராயருக்குள் வையுங்கள்.

தட்டு வளைவதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரே பலகையில், அடிக்கு அடி அதே பாரத்தைப் பரவலாக ஏற்றி, நீளத்தை மட்டும் இரண்டு மடங்காக்கினால் நடுவில் 16 மடங்கு தொய்யும். 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டில் (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) ஒரு மீட்டருக்குத் தட்டு போட்டுத் தானிய ஜாடிகளை அடுக்கினால் சீக்கிரமே அது தெரியவரும். நடுவில் ஒரு தாங்கல் கொடுங்கள். அதுவரை கனமான ஜாடிகளைப் பக்கவாட்டுப் பலகைகளை ஒட்டி வையுங்கள்.

சிங்க்குக்குக் கீழே உள்ள அலமாரியைத்தான் நான் ரொம்பக் கவனமாகப் பார்ப்பேன். குழாயில் துளித்துளியாகக் கசியும் நீர் பலகையை உப்ப வைத்துவிடும். அங்கே உணவுப் பொருள் வேண்டவே வேண்டாம். எல்லோரும் அங்கே திணிக்கிற சுத்தம் செய்யும் ரசாயனங்களும் ஆபத்தானவை. பிளீச்சும் அமிலம் கலந்த கழிவறை கிளீனரும் ஒழுகி ஒன்று சேர்ந்தால் நச்சான குளோரின் வாயு கிளம்பும். இரண்டையும் ஒரே ட்ரேயில் வைக்காதீர்கள், தண்ணீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் இவையெல்லாம் பூட்டிய உயர அலமாரிக்குப் போய்விட வேண்டும். கதவில் மாட்டும் பிளாஸ்டிக் கொக்கி குழந்தையைக் கொஞ்ச நேரம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

மேடைக்கு அடியில் கேஸ் சிலிண்டர் வைக்க அனுமதி உள்ள இடங்களில் இன்னொன்றையும் பாருங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். காற்றுத் துவாரம் கதவின் அடிப்பகுதியில் இருக்க வேண்டும். இடம் கிடைத்ததே என்று அதன் முன்னால் மூட்டை முடிச்சுகளை அடுக்கி அடைத்துவிடாதீர்கள்.

டப்பா வாங்குவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பலர் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள், பாதி டப்பா அலமாரிக்குள் நுழைவதில்லை. சதுர இடத்தில் வட்ட டப்பா வைத்தால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வீண், அதனால் சதுரமாகவே வாங்குங்கள், உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி. பழைய மாவின் மேல் புது மாவைக் கொட்ட வேண்டாம், அடியில் வண்டு இருந்தால் புதியதும் போச்சு. தீர்ந்ததும் கழுவி, நன்றாகக் காயவைத்து நிரப்புங்கள். சந்தேகம் இருந்தால் மாவையோ தானியத்தையோ மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் 4 நாள் வைத்தால் வண்டின் முட்டையும் சாகும்.

அளவெடுக்கும்போது தட்டின் அகலத்தை மட்டும் அளந்து ட்ரே வாங்கிவிடாதீர்கள். கதவு திறந்திருக்கும்போது கீலும் கதவின் ஓரமும் உள்பக்கமாகக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் வாய் எவ்வளவு அகலம் என்று அளந்து, அதைவிட ஒரு செ.மீ. குறைவாக வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் கீலில் இடிக்கும், ஒரு வாரத்தில் ட்ரேயை இழுப்பதையே விட்டுவிடுவீர்கள்.