‘எல்லாம் டூப்பு’ என்று சொல்வதற்கு முன்னால்: 1997இல் மல்யுத்த வீரர் ஸ்டீவ் ஆஸ்டினின் கழுத்துக்கு நடந்தது

சில வருடங்களுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில், பதினான்கு வயதுப் பையன் ஒருவனை அவனுடைய அம்மா என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்று வாரமாகக் கழுத்துவலி போகவில்லை என்றார். கட்டிலிலிருந்து விழுந்துவிட்டானாம். சோதித்துப் பார்த்தேன். கழுத்தைத் திருப்ப முடியாதது ஒரு பக்கம் இருக்க, வலது கைப் பிடியில் வலு குறைந்திருந்தது. சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னேன், தடுமாறினான். எனக்கு அதுதான் கவலையாக இருந்தது.

அம்மா பணம் கட்ட வெளியே போனதும் அவனே உண்மையைச் சொன்னான். பெரியப்பா வீட்டில் மெத்தையைத் தரையில் போட்டு, அண்ணன் அவனைத் தலைகீழாகத் தூக்கி, டிவி மல்யுத்தத்தில் வரும் ‘டூம்ஸ்டோன்’ என்ற தலைக்குத்துப் பிடியைப் போட்டிருக்கிறான். உச்சந்தலை மெத்தையில் மோதியதும் இரண்டு கை, இரண்டு கால் எல்லாம் கரண்ட் அடித்த மாதிரி ஆகி, அப்புறம் அசைக்கவே முடியவில்லை. இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே சரியாகிவிட்டது. சரியாகிவிட்டதே என்று யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் கழுத்து பிடித்துக்கொண்டபோது, வீட்டில் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்து நீவி, கழுத்தை ஒரு பக்கம் திருகி நெட்டி முறித்தும் விட்டிருக்கிறார்கள்.

தண்டுவடம் அடிபட்டவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். சிறுவயதில் மல்யுத்தத்தைக் கண்கொட்டாமல் பார்த்தவன். அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு பழைய மேட்ச் என் கண்முன் ஓடியது.

1997 ஆகஸ்ட் 3. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ஈஸ்ட் ரூதர்ஃபோர்டு நகரத்து காண்டினென்டல் ஏர்லைன்ஸ் அரங்கம். சம்மர்ஸ்லாம் என்ற மல்யுத்த நிகழ்ச்சி. அன்றைய கடைசி மேட்ச்சில் பிரெட் ஹார்ட், அண்டர்டேக்கரை வீழ்த்தி உலகப் பட்டத்தை வென்றார். ஆனால் அந்த இரவைப் பற்றி இன்றும் பேசுகிறவர்கள் பேசுவது அதற்கு முன்னால், உலகப் பட்டத்துக்கு அடுத்த நிலையில் இருந்த இன்டர்கான்டினென்டல் பட்டத்துக்காக நடந்த மேட்ச்சைத்தான். பட்டம் பிரெட்டின் தம்பி ஓவன் ஹார்ட்டிடம் இருந்தது. எதிரில் ‘ஸ்டோன் கோல்டு’ ஸ்டீவ் ஆஸ்டின். அந்த வருடம் அரங்கத்தில் அவர் பெயரைச் சொன்னாலே கூரை அதிரும். வயது 32.

நல்ல மேட்ச் அது. இரண்டு பேரும் தொழில் தெரிந்தவர்கள். ஓவன், கனடாவின் கால்கரியில், அப்பா ஸ்டூ ஹார்ட் தன் வீட்டு அடித்தளத்தில் நடத்திய பயிற்சிக் கூடத்தின் சூழலில் வளர்ந்தவர். ஆஸ்டினும் அந்த நாட்களில் பிடிக்குப் பிடி போடும் நுணுக்கமான ஆட்டக்காரர். மேட்ச் முடிவை நெருங்கும்போது ஓவன் அவரைத் தலைகீழாகத் தூக்கினார். வயிற்றோடு வயிறு ஒட்டி, ஆஸ்டினின் தலை ஓவனின் தொடைகளுக்கு நடுவில். அப்படியே உட்கார்ந்தார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இதுதான் டூம்ஸ்டோன். அண்டர்டேக்கர் இதே பிடியைப் போடும்போது முழங்காலில் இறங்குவார். கீழே இருப்பவரின் தலை, அவருடைய முழங்காலைவிடச் சற்று மேலே தொடைகளுக்குள் இறுக்கமாக இருக்கும். முழங்கால் முதலில் தரையைத் தொடும், எடை முழுவதையும் அதுவே தாங்கும். தலைக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி மிஞ்சும். பார்க்கிறவருக்குத் தலை நொறுங்கியது போல இருக்கும், உள்ளே ஆளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பல வருடப் பயிற்சியில் காப்பாற்றி வைத்திருக்கிற இடைவெளி அது. அன்று ஓவன் முழங்காலில் இறங்காமல் பின்புறத்தில் உட்கார்ந்து இறங்கினார். ஆஸ்டினின் தலை கீழே நீட்டிக்கொண்டிருந்தது. ஓவனின் உடம்பு தரையைத் தொடும் முன்பே ஆஸ்டினின் உச்சந்தலை தரையில் குத்தியது. ஆஸ்டினின் சொந்த எடையே நூறு கிலோவுக்கு மேல். அதோடு ஓவனின் எடையும் சேர்ந்து ஒரே கோட்டில் கழுத்தில் இறங்கியது. எப்படி இறங்கப் போகிறாய் என்று முன்பே ஓவனிடம் கேட்டுவைத்ததாக ஆஸ்டின் பிற்காலத்தில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

நம் கழுத்தில் ஏழு எலும்புகள். நிமிர்ந்து நிற்கும்போது அவை நேர்கோட்டில் இருப்பதில்லை, முன்பக்கமாக லேசாக வளைந்திருக்கும். மேலிருந்து வரும் அதிர்ச்சியை அந்த வளைவும், எலும்புகளுக்கு நடுவில் உள்ள டிஸ்க்கும், சுற்றியுள்ள தசையும் பங்கு போட்டுக்கொள்ளும். தலையைச் சற்றே குனிந்தால் போதும், வளைவு நேராகிவிடும். அந்த நிலையில் உச்சந்தலையில் அடிபட்டால் பங்கு போட யாரும் இல்லை. எலும்பு உடையலாம், டிஸ்க் பிதுங்கலாம், நடுவில் ஓடும் தண்டுவடம் நசுங்கலாம். அமெரிக்கக் கால்பந்தில் தலையால் முட்டி எதிராளியை வீழ்த்துவதை 1976இல் தடை செய்ததற்குக் காரணம் இதுதான். அந்த ஒரு வருடத்தில் மட்டும் கை கால் நான்கும் செயலிழந்தவர்கள் 34 பேர். 1984இல் அது 5 ஆகக் குறைந்தது. வேறு எந்த மருத்துவமும் இவ்வளவு கழுத்துகளைக் காப்பாற்றியிருக்காது.

சரி, ரிங்குக்குத் திரும்புவோம். ஆஸ்டின் மல்லாந்து கிடந்தார். கை அசையவில்லை, கால் அசையவில்லை. ஓவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. எதிராளியைத் தொடாமல், கூட்டத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டும் வம்பிழுத்துக்கொண்டும் ரிங்கைச் சுற்றி நேரம் கடத்தினார். வேடிக்கை பார்த்தவர்களுக்கு அது வில்லன் காட்டும் திமிராகத் தெரிந்தது. முன்பே முடிவு செய்தபடி ஆஸ்டின்தான் ஜெயிக்க வேண்டும். கொஞ்சம் உணர்வு திரும்பியதும் அவர் முழங்கையை ஊன்றித் தவழ்ந்து வந்து, பின்னாலிருந்து ஓவனைப் பிடித்துச் சுருட்டினார். ஒரு குழந்தைகூட விடுவித்துக்கொள்ளக்கூடிய பிடி. ஓவன் விடுவித்துக்கொள்ளாமல் தோளைத் தரையில் வைத்துக் கிடந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஆஸ்டின் சாம்பியன். அப்புறம் அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தி நடத்தியே உள்ளே கூட்டிப்போனார்கள்.

சிறுவயதில் இந்தக் காட்சியைப் பார்த்து எனக்குப் புல்லரித்திருக்கிறது. என்ன மன உறுதி என்று நினைத்தேன். இந்தத் தொழிலுக்கு வந்தபிறகு என்னால் அதை முழுதாகப் பார்க்க முடியவில்லை. கை கால் அசையாமல் போன ஒருவர் தவழ்கிறார், எழுந்து நிற்கிறார், தலை ஆட ஆட நடக்கிறார். கழுத்து எலும்பு ஒன்று உடைந்து நிலையில்லாமல் இருந்திருந்தால், அந்த நடையிலேயே தண்டுவடம் அறுபட்டிருக்கலாம். கழுத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் நரம்புகள்தான் மூச்சை இழுக்கும் உதரவிதானத்தை இயக்குகின்றன. அங்கே பட்டிருந்தால் மூச்சும் போயிருக்கும். அன்று அப்படி ஆகவில்லை. அதைப் பார்த்து வளர்ந்த எங்கள் தலைமுறையோ, விழுந்தவன் எழுந்து நடப்பதுதான் வீரம் என்று கற்றுக்கொண்டது.

அடுத்த மாதமே பட்டத்தை அவரிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டார்கள். நவம்பரில் மீண்டும் ரிங்கில் ஏறினார், அதே ஓவனிடம் அதே பட்டத்தை ஜெயித்தார். 1998 மார்ச் 29இல் பாஸ்டன் நகரில் ஷான் மைக்கேல்ஸை வீழ்த்தி உலகச் சாம்பியன் ஆனார். அந்த மேட்ச்சில் மைக்கேல்ஸுக்கும் ஜனவரியில் அடிபட்ட முதுகு. இரண்டு பழுதான முதுகெலும்புகள் மோதிக்கொண்ட மேட்ச் என்றுதான் எனக்கு அது தெரிகிறது. ஆஸ்டினின் ஆட்டமே மாறிப்போயிருந்தது. பிடிகள் குறைந்து, குத்தும் உதையும் கூடின. உலகமே கொண்டாடிய அந்த அடிதடிப் பாணியில் ஒரு பாதி, கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ள வந்த பாணி. 2000 ஜனவரியில் கழுத்தில் அறுவை சிகிச்சை. 2003 மார்ச் 30இல் சியாட்டிலில் ‘தி ராக்’ என்ற வீரருடன் மோதித் தோற்று விடைபெற்றார். அப்போது அவருக்கு 38 வயதுதான். ஒரே ஒரு முறை திரும்பி வந்து ஆடினார், 2022இல்.

இந்தக் கதையில் என்னை மிகவும் உலுக்குவது இன்னொரு தேதி. 1992 செப்டம்பர் 23, ஜப்பானின் யோகோஹாமா. மசாஹிரோ சோனோ என்ற சாம்பியனுடன் உலகப் பட்டத்துக்காக மோதிய ஆஸ்டின், ஏறக்குறைய இதே பிடியை, இதே போல உட்கார்ந்து இறங்கிப் போட்டார். சோனோவின் கழுத்து கடுமையாக அடிபட்டது. சோனோவும் அதே நிலையில் மேட்ச்சை முடித்துப் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். ஐந்து வருடம் கழித்து ஆஸ்டின் அவர் இடத்தில் கிடந்தார். யாரும் யாரையும் காயப்படுத்த நினைக்கவில்லை. ஓவன் நல்ல மனிதர் என்றுதான் கூட ஆடியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். 1999 மே 23இல் கன்சாஸ் சிட்டியில், அரங்கத்தின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும்போது விழுந்து அவரும் போய்ச் சேர்ந்தார், 34 வயதில். அதே வருடம் அக்டோபரில் டாரன் டிரோஸ்டோவ் என்ற வீரர், ஒரு பிடி தவறிக் கழுத்து உடைந்து கை கால் செயலிழந்தார். 2023இல் இறக்கும்வரை அவர் எழுந்து நடக்கவில்லை. பிற்காலத்தில், இந்த மேட்ச்சுகளை நடத்தும் டபிள்யூடபிள்யூஇ நிறுவனம் இந்த வகைத் தலைக்குத்துப் பிடியைக் கிட்டத்தட்ட எல்லோருக்கும் தடை செய்தது.

‘அதெல்லாம் டூப்பு’ என்று நம் வீடுகளில் சொல்வோம். யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவானது, அது உண்மை. ஆனால் குழந்தை அந்தச் சொல்லை வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறது. டூப்பு என்றால் வலிக்காது, வலிக்காது என்றால் நாமும் செய்யலாம். ‘அவர்கள் நிஜமாகவே கீழே விழுகிறார்கள், அடிபடாமல் விழப் பல வருடம் கற்றுக்கொள்கிறார்கள், அப்படியும் சில பேருக்குக் கழுத்து போயிருக்கிறது’ என்று சொல்லுங்கள். பார்க்காதே என்று டிவியை அணைப்பதைவிட இது வேலை செய்வதை என் அனுபவத்தில் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், கை கால் நான்கும் ஒரே நேரத்தில் மரத்துப்போவது. இது சுளுக்கு இல்லை. ஒரு கை மட்டும் சுரீரென்று இழுத்தால் அது ஒரு நரம்பு. இரண்டு கையும், அல்லது கையும் காலும் சேர்ந்து போனால் அடிபட்டது தண்டுவடம். பத்து பதினைந்து நிமிடத்தில் முழுவதும் சரியாகிவிடலாம், இரண்டு நாள்கூட ஆகலாம். சரியாகிவிட்டது என்பதால் அது சிறிய விஷயம் ஆகிவிடாது. தண்டுவடம் ஓடும் பாதை பிறவியிலேயே குறுகலாக இருப்பவர்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். இப்படி ஒரு முறை ஆகி, திரும்ப விளையாடப் போன அமெரிக்கக் கால்பந்து வீரர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மறுபடியும் அதே போல ஆனதாக ஆய்வு இருக்கிறது.

இப்படிக் கழுத்தில் அடிபட்டவரை விழுந்த இடத்திலேயே கிடக்க விடுங்கள். உட்கார வைக்க வேண்டாம், தண்ணீர் கொடுக்க வேண்டாம், கையைப் பிடித்துத் தூக்க வேண்டாம். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, தலையின் இரண்டு பக்கமும் கையை வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுங்கள். இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும், கழுத்தில் அடி என்று தெளிவாகச் சொல்லுங்கள். வாந்தி வந்தால் மட்டும் மூன்று நான்கு பேர் சேர்ந்து, தலை, தோள், இடுப்பு எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பும்படி மரக்கட்டையைப் புரட்டுவது போலப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு ஓடுவது நம் பாசம். இந்த ஒரு அடிக்கு மட்டும் அந்த அவசரம் ஆகாது.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று சொன்னதோடு நிறுத்திவிடாதீர்கள், குறிப்பாகக் குழந்தைகளுக்கு. அவர்களுடைய கழுத்து நெகிழ்வானது. எலும்பு விலகித் திரும்பத் தன் இடத்துக்கே வந்துவிடும், எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், உள்ளே தண்டுவடம் கன்றிப்போயிருக்கும். எம்ஆர்ஐ எடுத்தால்தான் தெரியும். கை கால் மரத்ததை மருத்துவரிடம் சொன்னால்தான் அவரும் அதை எடுக்கச் சொல்வார். அதுவரை கழுத்தை யாரும் நீவவோ திருகவோ கூடாது. வாரங்கள் கழித்துப் பொத்தான் போடத் தடுமாறினாலோ, நடையில் கால் இழுத்தாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் தெரிந்தாலோ அன்றைக்கே போங்கள்.

2022 மார்ச் 11 அன்று அலபாமாவின் பர்மிங்காமில், பிக் ஈ என்ற வீரர் ரிங்குக்கு வெளியே தலைகுத்தி விழுந்தார். கழுத்தின் முதல் எலும்பும் ஆறாவது எலும்பும் உடைந்தன. யாரும் அவரை எழுந்து நடக்க விடவில்லை. கழுத்துப் பட்டை போட்டு, படுக்கையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். தண்டுவடம் தப்பியது. அன்று இரவே மருத்துவமனைப் படுக்கையிலிருந்து விரல்களை எல்லாம் அசைக்க முடிகிறது என்று வீடியோவில் சொன்னார். அந்த வீடியோவைத்தான் நான் இப்போது பையன்களுக்குக் காட்டுகிறேன்.

என்னிடம் வந்த பையனுக்கு எம்ஆர்ஐயில் தண்டுவடம் கன்றியது தெரிந்தது. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. பல வாரம் கழுத்துப் பட்டை, அப்புறம் மாதக்கணக்கில் பயிற்சி. ஒரு நாள் அண்ணனையும் கூட்டிவரச் சொன்னேன். பதினேழு வயது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். “தலையைத் தொடையில இறுக்கித்தான் சார் பிடிச்சிருந்தேன்” என்றான். ஓவன் ஹார்ட்டும் அப்படித்தான் பிடித்திருந்தார் என்று சொல்லி, அந்த மேட்ச்சை ஃபோனில் ஓடவிட்டு, தலை தரையைத் தொடும் நொடியில் நிறுத்திக் காட்டினேன். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். தம்பிக்காரன் மேசையிலிருந்த பிடிவலு அளக்கும் கருவியை எடுத்து வலது கையால் அழுத்தினான். முதல் நாள் அது 11 கிலோ காட்டியது. “அண்ணா, இங்க பாரு, 26 வந்துடுச்சு” என்று அண்ணனிடம் நீட்டினான்.