தர்ணா: வாசலில் உட்காரும் சொல்

'கோரிக்கைகளை வலியுறுத்தி தர்ணாவில் ஈடுபட்டனர்' என்ற வரி வாரத்துக்கு ஒருமுறையாவது நாளிதழில் வந்துவிடும். நேரில் பார்த்துவிட்டு வந்தவரைக் கேளுங்கள், 'ஆபீஸ் வாசல்லயே உக்காந்துட்டாங்க' என்பார். இரண்டில் அவர் சொன்னதுதான் சொல்லின் பொருளுக்குக் கிட்டத்தில் இருக்கிறது.

வேர்ச்சொல் சமஸ்கிருதத்து 'த்ரு'. பிடித்தல், தாங்குதல் என்று பொருள். தர்மம், தாரணம், தரணி எல்லாம் இந்த வேரிலிருந்து வந்தவை. தரித்தலையும் இதோடு சேர்ப்பது வழக்கம். இலங்கைத் தமிழர் பேருந்து நிற்கும் இடத்தைத் 'தரிப்பிடம்' என்பார்கள். பிடித்த இடத்தைவிட்டு நகராமல் இருப்பதுதான் தர்ணாவும். இந்தியில் இது 'தர்னா'. மராத்தியில் 'தரணே', கன்னடத்தில் 'தரணி' என்று ணகரம் வரும். நாம் எழுதுவதும் அந்த ணகரம்தான்.

அரசியலுக்கு வருவதற்கு முன் இது கடன் வசூலிக்கும் முறையாக இருந்தது. கொடுத்த பணம் திரும்பி வராவிட்டால், கொடுத்தவர் போய்க் கடனாளியின் வாசலில் பட்டினியோடு உட்கார்ந்துவிடுவார். சில சமயம் தனக்குப் பதிலாக ஒரு பிராமணரை உட்காரவைப்பார். அவர் கையில் கத்தியோ விஷமோ இருக்கும். என்னைத் தாண்டிப் போனால் செத்துவிடுவேன், அந்தப் பாவம் உன்னைச் சேரும் என்பது ஏற்பாடு. வாசலில் ஒருவர் பட்டினி கிடக்கும்போது உள்ளே இருப்பவரும் சாப்பிடக்கூடாது என்பது வழக்கம். கடனாளி மேல் ஒரு விரல்கூடப் படவில்லை. ஆனால் மனிதர் வீட்டுக்குள்ளேயே சிறை. அயர்லாந்தின் பழைய சட்ட நூல்களிலும் இப்படி எதிராளியின் வாசலில் பட்டினி கிடக்கும் முறை உண்டு.

தமிழ்நாட்டில் இதற்கு ஈடாக ஒன்று இருந்ததா? வடக்கு நோக்கி உட்கார்ந்து, உண்ணாமல் உயிரை விடும் வடக்கிருத்தலைப் பலரும் சொல்வார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. சங்ககாலச் சோழ மன்னன் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தது யாரிடமும் எதையும் கேட்டுப் பெறுவதற்காக இல்லை. அது தன் மானம் பற்றியது. மடலேறுதல் இன்னும் நெருக்கம். பனைமட்டையில் செய்த குதிரை மேல், எருக்கம்பூ சூடி, காதலித்த பெண்ணைத் தரச் சொல்லி ஊர் நடுவே வந்து நிற்கிறான் ஒருவன். உடம்பை வருத்திக்கொள்வது அவன், கூச்சப்படுவது பெண்வீட்டார், நெருக்குவது ஊர். தர்ணாவின் கணக்கு அப்படியே இதில் இருக்கிறது. கடன் விஷயத்துக்கு வந்தால், 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரையைப் பார்த்த மார்க்கோ போலோ இன்னொன்றைச் சொல்கிறார். கடன் கொடுத்தவர் கடனாளியைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டுவிட்டால், கடனைத் தீர்க்காமல் அவர் அந்தக் கோட்டைத் தாண்ட முடியாதாம். ஒரு வெளிநாட்டு வணிகர் போட்ட வட்டத்துக்குள் அரசரே நின்றதைப் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறார்.

வெள்ளைக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. தெய்வக் குற்றம் வரும் என்று நம்பவைத்து ஒருவரை ஒன்றைச் செய்யவைப்பதை 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 508-ஆவது பிரிவு குற்றமாக்கியது. அதற்கு அந்தச் சட்டம் கொடுத்த எடுத்துக்காட்டே இன்னொருவர் வாசலில் தர்ணா இருப்பதுதான்.

சரி, வெள்ளைக்காரருக்குப் பிடிக்காதது காந்திக்குப் பிடித்திருக்குமே என்றால், அதுவும் இல்லை. 1921-இல் கல்கத்தாவில் சில மாணவர்கள், கல்லூரிக்குப் போகும் மற்ற மாணவர்களின் வழியில் உட்கார்ந்தும் படுத்தும் மறித்தார்கள். மிதித்துக்கொண்டு போக யாருக்கும் மனம் வராது என்ற தைரியம். காந்தி அதைக் காட்டுமிராண்டித்தனம் என்றே எழுதினார். மிதிக்கமாட்டான் என்று தெரிந்துகொண்டு வழியில் படுப்பதும் ஒருவகை பலாத்காரம்தான் என்பது அவர் வாதம். என்னைக் கேட்டால், தர்ணா பற்றி எழுதப்பட்டதில் இன்றும் உறைக்கிற விமர்சனம் இதுதான். கடன்பட்டவரின் வாசலில் உட்காருவது வேறு, சம்பந்தமில்லாதவன் போகும் வழியில் உட்காருவது வேறு. பொதுச்சாலையைக் காலவரையின்றி அடைத்து உட்கார முடியாது என்று 2020-இல், குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து டெல்லியில் சாலையில் உட்கார்ந்தவர்கள் பற்றிய ஷாஹீன் பாக் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னபோதும் இதே தகராறுதான் வேறு உருவில் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் டெல்லிக்குள் விடாமல் தடுக்கப்பட்ட விவசாயிகள், சிங்கு, டிக்ரி, காஸிப்பூர் எல்லைகளிலேயே டிராக்டர் வண்டிகளை வீடாக்கிக்கொண்டு ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். 2021 நவம்பரில் அவர்கள் எதிர்த்த மூன்று வேளாண் சட்டங்களும் திரும்பப் பெறப்பட்டன.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. குறைதீர்க்கும் நாள் ஒன்றில், ஓர் அரசு அலுவலகப் போர்ட்டிகோவில், மனுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். 'பாட்டி, எந்திரிங்க, ஐயா கார் வர்ற நேரம், அந்த மரத்தடியில உக்காருங்க' என்றார் காவலர். 'கார் வர்ற எடத்துல உக்காந்தாத்தான தம்பி அவரு எறங்கிக் கேப்பாரு' என்றார் பாட்டி. கோஷம் இல்லை, பதாகை இல்லை.

இனி தமிழ்ச் சொல். ஆர்ப்பாட்டம் பொருந்தாது, அது 'ஆர்ப்பு', அதாவது ஆரவாரத்திலிருந்து வந்தது, அங்கே குரல்தான் கருவி. மறியல் என்றால் தடுத்து நிறுத்துவது. (இலங்கையில் மறியல் என்றால் சிறை, விசாரணைக் காவலைக் குறிக்கும் 'விளக்கமறியல்' என்ற சொல்லைச் செய்தியில் படித்துவிட்டு இங்கே சிலர் சாலைமறியல் என்று நினைப்பதுண்டு.) முற்றுகை, அதிகாரியைச் சுற்றிவளைத்து வெளியே விடாமல் வைக்கும் கெராவுக்கு உரியது. உள்ளிருப்புப் போராட்டம் வேலை செய்யும் இடத்துக்குள்ளேயே இருந்துகொள்வது. வெளியிலிருந்து வந்து வாசலில் உட்காருபவருக்கு அது சேராது. 'அமர்வுப் போராட்டம்' தப்பில்லை, ஆனால் கருத்தரங்க அமர்வு போல ஒலிக்கிறது.

அரசு ஊழியர் சங்கங்கள் புழங்கும் 'காத்திருப்புப் போராட்டம்' என்ற சொல்லுக்குத்தான் என் ஓட்டு. பதில் வரும்வரை நகரமாட்டோம் என்பதை அந்தக் 'காத்திருப்பு' சொல்லிவிடுகிறது. பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் எதிரே இருக்கிறார் என்பதும் அதில் அடங்கிவிடுகிறது. தலைப்பில் இடம் போதவில்லை என்றால் 'வாசலில் அமர்ந்தனர்' என்று எழுதலாம். தர்ணாவே வேண்டும் என்பவர்கள் எழுதிக்கொள்ளட்டும், 'தர்ணா போராட்டம்' என்று வால் மட்டும் சேர்க்க வேண்டாம்.

மறுநாள் செய்தித்தாளில் 'மூதாட்டி திடீர் தர்ணா' என்று போட்டிருந்தார்கள். பாட்டி காலை ஏழு மணியிலிருந்தே அங்கேதான் இருந்தார்.