இடித்தது இப்போது, வலிப்பது அப்புறம்

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "ராத்திரி இருட்டில் கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டேன். இடித்தது உடனே தெரிந்தது. 'செத்தோம், இப்போது வலிக்கப் போகிறது' என்று நினைக்கக்கூட நேரம் இருந்தது. அதற்குப் பிறகுதான் வலி வந்தது. இது என் கற்பனையா?"

கற்பனை இல்லை. அந்த இடைவெளி நிஜம், ஏறக்குறைய ஒரு நொடி.

முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துவிடலாம். தமிழில் உடம்புக்குள் இழையாக இருப்பதெல்லாம் நரம்புதான். ஊசி போட வந்த நர்ஸ் "நரம்பே கிடைக்கல" என்பார். அவர் தேடுவது சிரையை, அதாவது ரத்தக் குழாயை. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் "நரம்பு இழுத்துக்கிச்சு" என்போம், இழுத்தது தசை. நரம்புச் சுருட்டலில் புடைப்பதும் சிரைதான். இங்கே பேசப்போவது செய்தி கொண்டுபோகும் நரம்பை மட்டும். மூளை, தண்டுவடம், நியூரான் படமெல்லாம் பள்ளியில் வரைந்து பாகம் குறித்திருப்பீர்கள், அதைத் தாண்டிவிடுவோம்.

சுண்டுவிரலிலிருந்து முதுகுக்கு ஒரே ஒரு கம்பி போவதில்லை. பல ரக இழைகள் ஒரே கட்டாகப் போகின்றன. தொடுகையைச் சொல்பவை நொடிக்கு 35 முதல் 75 மீட்டர் வரை ஓடும். 'சுரீர்' என்ற முதல் வலியைச் சொல்பவை 5 முதல் 30 மீட்டர். பின்னால் வந்து 'விண்விண்' என்று தெறிக்கும் வலியைச் சுமக்கும் இழைகளோ நொடிக்கு அரை மீட்டரிலிருந்து 2 மீட்டர்தான், அதாவது நாம் நடக்கிற வேகம். விரலுக்கும் தண்டுவடத்துக்கும் இடையே சுமார் ஒரு மீட்டர். கணக்கு போட்டால், தொட்ட செய்தி நொடியில் ஐம்பதில் ஒரு பங்கில் போய்ச் சேர்கிறது. விண்விண் ஒரு நொடி கழித்து ஆடி அசைந்து வருகிறது. வாசகர் "செத்தோம்" என்று நினைத்தது அந்த இடைவெளியில்.

நரம்புச் செய்தியின் வேகத்தை யாராலும் அளக்கவே முடியாது என்றுதான் ஒரு காலத்தில் நினைத்தார்கள். ஜெர்மனியின் பெரிய உடலியலாளர் யோஹன்னஸ் முல்லர் அப்படித்தான் சொன்னார். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் ஒரு தவளைக் கால் நரம்பை வைத்து அளந்தே காட்டினார்: நொடிக்குச் சுமார் 27 மீட்டர். ஒரு சுழற்பந்து வீச்சாளர் வீசும் வேகத்தைவிடக் கொஞ்சம் அதிகம். நரம்புச் செய்தியை மின்சாரம் என்கிறோம், பிறகு ஏன் இவ்வளவு மந்தம்?

காரணம், நரம்பிழை நல்ல கம்பி இல்லை, ஒழுகும் குழாய். தோட்டத்து ரப்பர் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். நெடுக ஓட்டை, ஒரு முனையில் தண்ணீரைத் திறந்தால் கொஞ்ச தூரத்திலேயே அழுத்தம் செத்துவிடும். இன்னொரு தொல்லையும் உண்டு. குழாய்ச் சுவர் மெத்தென்று இருக்கிறது. தண்ணீர் வந்ததும் அந்த இடம் உப்பும். உப்பி நிறைந்த பிறகுதான் அடுத்த இடத்துக்கு நகரும். ஆக்சானின் (நரம்பிழைக்கு அறிவியல் பெயர் அது) சவ்வும் இதே இரண்டையும் செய்கிறது: மின்னோட்டத்தை வெளியே கசியவிடுகிறது, மிச்சத்தைத் தன்மேல் தேக்கிக்கொள்கிறது. அதனால் வெறும் ஆக்சானில் ஒவ்வொரு இடத்திலும் சோடியம் கதவுகள் திறந்து, சோடியம் உள்ளே பாய்ந்து, துடிப்பைப் புதிதாக உண்டாக்க வேண்டும். சரவெடி மாதிரி, ஒன்று வெடித்து அடுத்ததைப் பற்றவைக்கும்.

இதற்குக் கடலில் ஒரு தீர்வு உண்டு. நாம் மீன் கடையில் வாங்கும் ஊசிக் கணவாயின் இனத்தில், ஆபத்து வந்தால் உடம்பைச் சுருக்கித் தண்ணீரைப் பீய்ச்சித் தப்புவதற்கென்று ராட்சத ஆக்சான் இருக்கிறது. தடிமன் அரை மில்லிமீட்டர், சிலவற்றில் ஒரு மில்லிமீட்டர்கூட. வெறும் கண்ணுக்கே தெரியும். குழாய் தடித்தால் வேகம் கூடும். பிரிட்டிஷ் உடலியலாளர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் இந்த ஆக்சானுக்குள் மின்முனையைச் செருகித்தான் நரம்புத் துடிப்பின் கணக்கைக் கண்டுபிடித்தார்கள். கையால் சுற்றும் கணக்குப் பொறியில் ஹக்ஸ்லி போட்ட அந்தச் சமன்பாடுகள் 1952இல் வெளிவந்தன. 1963இல் நோபல் பரிசு. இன்றைக்கு நம் ஊரில் ஒருவர் "கணவாய் நரம்பில் கம்பி விட்டுப் பார்க்க வேண்டும்" என்று நிதி கேட்டால் எத்தனை பேர் சிரிப்பார்கள்? உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதத்தை ஆராய்ச்சிக்கு ஒதுக்கிவிட்டு, உடனடிப் பயன் என்ன என்று கேட்பவர்கள் நாம்.

சரி, தடிமனை வைத்தே நாமும் வேகம் பிடித்திருந்தால்? நம்மிடம் இருக்கும் லட்சக்கணக்கான இழைகளுக்கு முதுகெலும்பு மரத்தூண் அளவுக்கு வேண்டியிருக்கும். முதுகெலும்பிகள் வேறு வழி பிடித்தன. ஸ்வான் செல் என்ற செல் ஆக்சானைச் சுற்றிச் சுற்றித் தன் உடம்பையே பாய் மாதிரி உருட்டிக்கொள்கிறது, தடித்த இழைகளில் பல பத்துச் சுற்றுகள். கொழுப்பு நிறைந்த இந்தச் சுருள்தான் மையலின் உறை. ரப்பர் குழாயின் மேல் இறுக்கமாக டேப் சுற்றியது போல, ஓட்டையும் அடைபடுகிறது, சுவரும் உப்புவதில்லை. ஆனால் நெடுக மூடிவிட்டால் தூரம் போகப்போகத் துடிப்பு தேய்ந்துவிடும். அதனால் சுமார் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு சிறு இடைவெளி. சோடியம் கதவுகள் அங்கேதான் மொய்த்துக் கிடக்கின்றன. ரேன்வியர் கணு என்று பெயர்.

கணு என்று தமிழில் பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு. ஆக்சானை ஒரு கரும்பின் தடிமனுக்குப் பெருக்கிப் பாருங்கள். விரலிலிருந்து முதுகு வரை அது 3 கிலோமீட்டர் நீளும். மூன்று மீட்டருக்கு ஒரு கணு. அந்தக் கணுவின் அகலம் மூன்றே மில்லிமீட்டர்! நடுவில் உள்ள மூன்று மீட்டரும் சும்மா வழி. துடிப்பு கணுவில் மட்டும் புதுப்பிக்கப்பட்டு அடுத்த கணுவுக்குத் தாவுகிறது. ஒரு தாவலுக்கு ஆகும் நேரம் நொடியில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு.

தாவுகிறது என்றவுடன் தவளை மாதிரி ஒரு கணுவை விட்டு இன்னொரு கணுவில் உட்கார்வதாகத் தோன்றும். நானும் அப்படித்தான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆனால் ஒரு கணுவில் துடிப்பு எழுந்து அடங்க ஒரு மில்லிநொடி ஆகிறது. அதற்குள் முன்முனை ஐம்பது கணு தாண்டிப் போயிருக்கும். எந்த நேரத்திலும் ஐம்பது கணுக்கள் ஒன்றாக விழித்திருக்கின்றன. தவளையைவிட, ஸ்டேடியத்தில் ரசிகர்கள் எழுந்து எழுந்து உட்காரும் அலைதான் சரியான உவமை. இந்த ஏற்பாட்டில் தவளையின் நரம்பிழை, கணவாயுடையதில் நாற்பதில் ஒரு பங்குத் தடிமனிலேயே அதே வேகத்தை எட்டிவிடுகிறது.

விண்விண் வலியின் இழைகளுக்கு இந்த உறை கிடையாது. அவசரம் இல்லாத வேலை அது. காலை இழுத்துக்கொள் என்ற உத்தரவை வேகமான இழைகளும் தண்டுவடமும் பார்த்துக்கொள்ளும். பின்னால் வருவது "இரண்டு நாள் இந்த விரலை ஊன்றாதே" என்ற நினைவூட்டல். இடித்த இடத்தைத் தேய்த்தால் வலி குறைவதும் ஏமாற்று இல்லை: தொடுகை இழைகளின் செய்தி தண்டுவடத்திலேயே வலிக்கு வாசலைச் சாத்துகிறது என்று மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965இல் விளக்கினார்கள். பின்னால் அந்த விளக்கம் நிறையத் திருத்தப்பட்டது. தேய்ப்பதை யாரும் நிறுத்தவில்லை.

உறை கெட்டால் என்ன ஆகும்? 2025 தொடக்கத்தில் புனேயில் பலருக்குக் கால் துவண்டது நினைவிருக்கும். கில்லன்-பாரே நோய். வயிற்றுப்போக்குக் கிருமியை எதிர்க்கக் கிளம்பிய எதிர்ப்பாற்றல் ஆள் மாறி நரம்பைத் தாக்கும். சிலருக்கு உறையை, சிலருக்கு ஆக்சானையே. காலில் தொடங்கி மேலேறும் பலவீனம் சில நாட்களில் மூச்சுத் தசை வரை போகலாம். தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள், ஸ்வான் செல்கள் மறுபடி சுற்றத் தொடங்கும். ஆக்சானே அறுந்தால்தான் நாள் பிடிக்கும், அது நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும்.

சத்தமில்லாமல் உறையைக் கெடுப்பது வைட்டமின் பி12 குறைபாடு. அது கிடைப்பது பால், முட்டை, மீன், இறைச்சியில். கீரையில் இல்லை. சர்க்கரைக்கு வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறையலாம். இதற்காகப் போடும் சிவப்பு ஊசியை (கோபால்ட் தரும் நிறம் அது) அசதி, முதுகுவலி எல்லாவற்றுக்கும் கேட்டு வாங்குகிறோம். ரத்தத்தில் அளவு பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். சத்து மாத்திரைகளில் உள்ள பி6 நாள்பட அதிகமானால் நரம்பையே கெடுக்கும். அப்புறம், லாட்ஜில் அறை எடுத்து "நரம்புத் தளர்ச்சி"க்கு மருந்து விற்பவர்கள் தரும் லேகியம் மேலே சொன்ன எதையும் சரிசெய்யாது. அவர்கள் விற்பது வெட்கத்தை.

சர்க்கரை நோய் மிக நீளமான நரம்புகளை முதலில் பிடிக்கிறது, அதனால்தான் பாதம். முதலில் எரிச்சல், பிறகு மதமதப்பு. நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்ததே தெரியவில்லை என்பார்கள். தொழுநோயில் கிருமி ஸ்வான் செல்லுக்குள்ளேயே குடியிருக்கும். விரல்கள் அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பிய காலத்தில், அவை வலி தெரியாமல் காயப்பட்டே அழிகின்றன என்று காட்டியவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்து வேலூரில் அறுவை மருத்துவராக இருந்தவர். அந்தப் புரிதலில் வந்ததுதான் மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் கொண்ட எம்.சி.ஆர் செருப்பு. இன்று அதைப் போட்டு நடப்பவர்களில் பலர் சர்க்கரை நோயாளிகள்.

உங்களுக்குச் சர்க்கரை இருந்து, கட்டிலில் இடித்தும் இரண்டாவது வலி வரவில்லை என்றால் நல்லவேளை என்று படுத்துவிடாதீர்கள். விளக்கைப் போட்டு விரலைப் பாருங்கள். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது செருப்பைக் கழற்றிப் பாதத்தை நீட்டுங்கள். உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க ஒரு நைலான் இழை, அதிரும் ஒரு இசைக்கவை, இரண்டு நிமிடம் போதும் அவருக்கு.