நாற்பதுகளில் வரும் அந்தக் கோபம்

"கரண்டி கீழே விழுந்ததுக்கு அரை மணி நேரம் அழுதேன் டாக்டர், எனக்குப் பைத்தியம் பிடிக்குதா?" என்று கேட்டார் அவர். வயது 46. பீரியட்ஸ் முன்னே பின்னே ஆனாலும் வந்துகொண்டுதான் இருந்தது, அதனால் இதற்கும் மெனோபாஸுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவருக்கும் தோன்றவில்லை, வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. "எரிஞ்சு விழறா" என்பதோடு முடித்துவிட்டார்கள்.

தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராமல் இருந்தால்தான் அதை மெனோபாஸ் என்போம், பெரும்பாலும் 45 முதல் 55 வயதுக்குள். ஆனால் மனசு அதிகம் ஆட்டம் காண்பது அதற்கு முந்தைய சில வருடங்களில். அப்போது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சீராகக் குறைவதில்லை, திடீரென்று எகிறும், திடீரென்று சரியும், மனநிலையைச் சீராக வைக்க உதவும் செரோடோனின் என்ற ரசாயனம் மூளையில் வேலை செய்வதும் அதோடு சேர்ந்து தடுமாறும். சினைமுட்டை வெளிவராத மாதங்களில் இன்னொரு பெண் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனும் சரியாகச் சுரக்காது, நரம்புகளை அமைதிப்படுத்தும் ஒரு பொருளை உடம்பு அதிலிருந்துதான் தயாரிக்கிறது. இது உங்கள் குணக்கேடு இல்லைம்மா என்று நான் ஒவ்வொருவரிடமும் சொல்வது இதனால்தான்.

நான் முதலில் கேட்பது தூக்கத்தைப் பற்றி. இவர் ராத்திரி மூன்று தடவை வியர்த்துக் கொட்டி எழுந்திருக்கிறார், தலையணையைத் திருப்பிப் போட்டுப் படுத்தால் அந்தப் பக்கமும் கொஞ்ச நேரத்தில் ஈரம், அப்புறம் விடியும்வரை விட்டத்தைப் பார்த்தபடி கிடப்பது. இப்படி ஆறு மாதம் தூங்காமல் இருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

45 வயதுக்கு மேல் இதைக் கண்டுபிடிக்க ஹார்மோன் பரிசோதனை பெரும்பாலும் தேவையில்லை, இன்றைக்கு ஒரு அளவு வரும், பத்து நாளில் வேறு. தைராய்டையும் ரத்தசோகையையும் பார்ப்பேன், அவையும் இதே போலப் படுத்தும்.

இந்த ஹார்மோன்களை மருந்தாகத் தரும் ஹார்மோன் சிகிச்சை என்றாலே புற்றுநோய் என்று பயப்படுகிறார்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை, உண்மைதான். ரத்தக்கட்டு வந்திருந்தால் மிகவும் யோசித்துத்தான் முடிவெடுப்போம். மற்றபடி 60 வயதுக்குள், அல்லது மெனோபாஸ் ஆகி 10 வருடத்துக்குள் தொடங்கினால், வியர்வையும் தூக்கமின்மையும் பாடாய்ப் படுத்தும் பெண்களில் பலருக்கு ஆபத்தைவிட நன்மையே அதிகம். கருப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தரக் கூடாது, புரோஜெஸ்டிரோனும் சேர வேண்டும். ஹார்மோன் வேண்டாம் என்பவர்களுக்கு எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிப் பேசி மாற்றும் அறிதிறன் நடத்தைச் சிகிச்சை நன்றாக உதவுகிறது.

முன்பு மனச்சோர்வு வந்தவர்கள், குறிப்பாகப் பிரசவத்துக்குப் பிறகு வந்தவர்கள், அதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், மறுபடி வர வாய்ப்பு அதிகம். இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பே இல்லை என்றால் தள்ளிப்போடாமல் வாருங்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் அன்றைக்கே, தனியாக இல்லாமல், யாரையாவது கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அவரிடம் ஒரு நோட்டில் தினமும் தூக்கத்தையும் மனநிலையையும் எழுதி வரச் சொன்னேன். அடுத்த முறை கணவரும் கூட வந்திருந்தார், நோட்டை அவர்தான் விரித்துக் காட்டினார். அழுத நாட்கள் மொத்தம் ஐந்து. அதில் நான்குக்கு முந்தைய ராத்திரியில் "வியர்வை, 3 மணிக்கு எழுந்தாள்" என்று கணவர் கையெழுத்திலேயே இருந்தது.