குடிப்பீர்களா என்று டாக்டர் கேட்டால்

அமெரிக்காவில் வருடாந்திர உடல் பரிசோதனைக்குப் போனால் ஒரு படிவம் தருவார்கள். "மது எத்தனை நாளுக்கு ஒருமுறை அருந்துகிறீர்கள்?" என்று அதில் கேட்டிருக்கும். நம்மவர்கள் பலர் யோசிக்காமல் 'இல்லவே இல்லை' என்று டிக் அடித்துவிடுகிறார்கள். பக்கத்தில் மனைவியோ அப்பாவோ உட்கார்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். இது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் அந்தக் கேள்வி உங்களுக்கு உரிமையான ஒரு சேவை.

18 வயது நிரம்பிய எல்லோரிடமும் மதுப் பழக்கத்தை விசாரித்து, அளவு மீறுபவர்களுக்குச் சுருக்கமாக ஆலோசனை தர வேண்டும் என்று அங்குள்ள தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2018-இல் பரிந்துரைத்தது. போதைப்பொருள் பற்றியும், மாத்திரைகளைத் தவறாகப் பயன்படுத்துவது பற்றியும் கேட்கச் சொல்லி 2020-இல் இன்னொரு பரிந்துரை வந்தது. கேள்விகள் மட்டும்தான், சிறுநீர்ப் பரிசோதனை அல்ல. இரண்டும் 'பி' தரம், அதாவது பலன் உண்டு என்று அந்தக் குழு மதிப்பிட்ட தரம், பெற்றவை என்பதால், பெரும்பாலான தனியார் காப்பீடுகள் இவற்றுக்கு உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. டாக்டர் உங்கள் காப்பீட்டின் நெட்வொர்க்கில், அதாவது அந்த நிறுவனம் ஒப்பந்தம் செய்துள்ள டாக்டர்கள் பட்டியலில், இருக்க வேண்டும், அவ்வளவுதான். மெடிகேர் என்ற முதியோருக்கான அரசுக் காப்பீட்டில் உள்ள பெற்றோருக்கு ஆண்டுக்கு ஒரு மதுப் பரிசோதனையும், தேவைப்பட்டால் 4 ஆலோசனைகளும் உண்டு.

மதுப் பழக்கத்தை அளக்கப் பரவலாகப் பயன்படும் ஆடிட்-சி படிவத்தில் 3 கேள்விகள், மொத்தம் 12 மதிப்பெண். ஆண்களுக்கு 4, பெண்களுக்கு 3 வந்தாலே கவனிக்க வேண்டிய நிலை. வெள்ளி, சனி மட்டும் மும்மூன்று பெக் குடிப்பவரைப் பாருங்கள். வாரத்தில் 2 நாளுக்கு 3 மதிப்பெண், அளவுக்கு 1, ஆக 4 வந்துவிடுகிறது. இந்தக் கணக்கில் ஒரு பெக் என்பது 44 மில்லிதான். வீட்டில் ஊற்றும் 60 மில்லி அதைவிடக் கூடுதல்.

சரி, 4 வந்தால் என்ன ஆகும்? குடிநோயாளி என்று யாரும் முத்திரை குத்துவதில்லை. சில நிமிடப் பேச்சுதான். உங்கள் ரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் குடிப்பழக்கத்துக்கும் உள்ள தொடர்பை டாக்டர் விளக்குவார், எவ்வளவு குறைக்க முடியும் என்று உங்களையே கேட்பார். அடிமையாகும் முன்பே தடுப்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. கூட வந்தவர் முன்னால் பேசத் தயக்கமாக இருந்தால், தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஏற்கெனவே அடிமையாகிவிட்டவர்களைச் சிறப்பு சிகிச்சைக்கு அனுப்புவார்கள். அதற்குக் காப்பீட்டைப் பொறுத்துக் கட்டணம் வரலாம். தினமும் நிறையக் குடிப்பவர்கள் பயந்துபோய்த் தாங்களாகவே திடீரென்று நிறுத்திவிட வேண்டாம். நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும். முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தோடு பாதுகாப்பாக நிறுத்த வழி இருக்கிறது.